நர்சிங் படித்துக்கொண்டே என்ன வேலைக்குப் போகலாம்?

சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஃபீஸ் எப்படியோ கட்டிவிடுகிறார். பஸ், ரெக்கார்டு நோட்டு, யூனிஃபார்ம், கைச்செலவு இதற்குத்தான் திண்டாட்டம். மாதம் மூவாயிரம், நாலாயிரம் வந்தால் போதும். அப்பாவுக்குத் தெரிந்தவர் நடத்தும் நர்சிங் ஹோமில் வாரம் மூன்று நாள் நைட் டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு ஹோம் கேர் ஏஜென்சியும் கூப்பிடுகிறது. அம்மா டியூஷன் எடு என்கிறார். நர்சிங் ஹோம் போனால் அனுபவமும் கிடைக்கும்தானே? எதற்குப் போகட்டும்?"

அம்மா சொல்வதைக் கேள். டியூஷன்தான். ஆனால் ஏன் என்று தெரியாமல் போனால் அடுத்த மாதமே யாராவது கூடுதல் பணம் சொல்லி மனசை மாற்றிவிடுவார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன். வார்டிலும் பிறகு வகுப்பறையிலும் இருந்தவள் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பேட்சிலும் கேட்பார்கள்.

முதலில் அந்த "அனுபவம்" விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் பிள்ளைகளை நர்சிங் ஹோம் பக்கம் இழுப்பது பணத்தைவிட அந்த வார்த்தைதான். நர்சாக வேலை பார்க்க வேண்டுமென்றால் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில். பட்டம் வாங்கி, அங்கே பதிவு செய்து, பதிவு பெற்ற நர்ஸ், மிட்வைஃப் என்பதற்கான ஆர்.என்.ஆர்.எம். எண் கைக்கு வந்த பிறகுதான் நீ ஸ்டாஃப் நர்ஸ். அதற்கு முன்னால் இரண்டு வருடம் இரவு பகலாக உழைத்தாலும் நர்சாக நீ பெற்ற அனுபவம் என்று யாரும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நர்சிங் ஆபீசர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வையே எடுத்துக்கொள். டிப்ளமோ முடித்தவர்களிடம் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், அதுவும் படிப்பை முடித்த பிறகு பெற்றதாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. முடித்தவர்களிடம் அந்த அனுபவத்தையே கேட்பதில்லை. ஆக, இரண்டாம் ஆண்டில் இருக்கும் உனக்கு அந்த நர்சிங் ஹோம் எழுதித் தரப்போகும் சர்டிஃபிகேட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏன் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றும் யோசித்துப் பார். பதிவு பெற்ற நர்ஸை நைட்டுக்குப் போட்டால் அதற்கேற்ற சம்பளம் கொடுக்க வேண்டும். மாணவி என்றால் பாதியில் முடியும். அந்த இரவில் ஃப்ளோரில் உன்னைத் தவிர ஒரு ஆயாவும் கீழே ஒரு வாட்ச்மேனும்தான் இருப்பார்கள். டாக்டர் வீட்டில் இருப்பார், போனில் ஆர்டர் சொல்வார். இன்ஜெக்‌ஷனை நீ போட வேண்டும், சார்ட்டில் வேறு யாருடைய பெயரோ கையெழுத்தோ இருக்கும். ஏதாவது ஆகிவிட்டால் "அந்தப் பெண் சும்மா ஹெல்ப்புக்கு வந்தவள்" என்று சொல்லிவிடுவார்கள். மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், உன் பெயரே இருக்காது. ஊசி குத்திக்கொண்டால் இன்னும் மோசம். கல்லூரி நம்மை வார்டுக்கு அனுப்பும் போஸ்டிங்கில் கையில் ஊசி குத்தினால் உடனே இன்சார்ஜிடம் சொல்கிறோம், நோயாளியின் ரத்தம் பரிசோதனைக்குப் போகிறது, தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்குகிறோம். பெயரே பதிவாகாத இடத்தில் நடுராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் யாரிடம் போய்ச் சொல்வாய்? பயத்தில் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாய். பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். (வேலைக்குப் போகிறாயோ இல்லையோ, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே பார். முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இரண்டோடு நிறுத்திவிட்டு மறந்துபோனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.)

அடுத்து ஹோம் கேர். எல்லா ஏஜென்சியும் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். வயதானவருக்குத் துணையாக இருப்பது, கைபிடித்து நடக்க வைப்பது, வாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது என்று அட்டெண்டர் வேலையாகவே எழுதிக் கொடுத்து, அதோடு நிறுத்துகிற இடம் என்றால் லீவு நாட்களில் பகல் நேரத்தில் போகலாம். சிக்கல் எங்கே என்றால், நீ நர்சிங் மாணவி என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் உன்னை அட்டெண்டராக யாரும் பார்க்க மாட்டார்கள். "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு வழியாகப் போகும் ரைல்ஸ் ட்யூபில் ஃபீட் கொடுக்கச் சொல்வார்கள், சிறுநீர் ட்யூபான கத்தீட்டரைப் பார்க்கச் சொல்வார்கள், இன்சுலின் போடச் சொல்வார்கள்.

இன்சுலின் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு வேறு. 40-க்கு உள்ள சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு ஆரஞ்சு. அந்த வீட்டுப் பையன் மெடிக்கலில் போய் "இன்சுலின் ஊசி கொடுங்க" என்று கேட்டு சிவப்பு மூடி வாங்கி வந்துவிட்டான், ஃப்ரிட்ஜில் இருப்பதோ 100 யூனிட் மருந்து என்று வைத்துக்கொள். சீட்டில் 20 யூனிட் என்று இருக்கிறது. நீ சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுக்கிறாய். அது அரை மில்லி. உள்ளே போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. வார்டில் என்றால் இன்னொரு சிஸ்டர் சரிபார்ப்பார், ட்யூட்டர் பக்கத்தில் நிற்பார், சர்க்கரை இறங்கினால் ஏற்ற டெக்ஸ்ட்ரோஸ் கை எட்டும் தூரத்தில் இருக்கும். அந்த வீட்டில் நீ மட்டும்தான் இருப்பாய். சர்க்கரை இறங்கிப் பாட்டி மயங்கிக் கிடப்பாள், நீ தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இது தெரிந்தவர்களே தடுமாறும் இடம். மருந்துகளைப் பற்றிய ஃபார்மகாலஜியைப் பாதி படித்த நிலையில் நைட்டில் தனியாக இதைச் செய்யச் சொல்வது உனக்கும் ஆபத்து, அந்தப் பாட்டிக்கும் ஆபத்து.

அதனால் என் அளவுகோல் இதுதான்: பதிவு எண் வரும்வரை, மாணவியாகக் கல்லூரி அனுப்பும் இடத்தைத் தவிர வேறு எங்கும் ஊசி, மருந்து, ட்யூப் எதையும் தொடாத வேலையாகப் பார். மெடிக்கல் ஷாப்புக்கும் இதே பேச்சுதான். பில் போடலாம், ஸ்டாக் அடுக்கலாம், எக்ஸ்பைரி பார்த்து ஒதுக்கலாம். சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பது 1948-ஆம் ஆண்டு ஃபார்மஸி சட்டப்படி பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட்டின் வேலை. "நீ நர்சிங்தானே, உனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு ஓனர் சாப்பிடப் போகிற கடையாக இருந்தால் வேண்டாம்.

சரி, இப்போது நேரக் கணக்கு. இதைத்தான் யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. நீ படிப்பது எட்டு செமஸ்டர் பாடத்திட்டம். செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம் வகுப்பும் லேபும் போஸ்டிங்கும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. பஸ்ஸில் போக வர தினமும் இரண்டு மணி நேரம் என்றால் ஆறு நாளைக்கு 12. கேர் ப்ளான் (நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் திட்டம்), கேஸ் ஸ்டடி, ரெக்கார்டு, படிப்பு எல்லாம் சேர்த்து 15 மணி நேரமாவது வேண்டும். தூக்கம் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் என்றால் 49. சாப்பாடு, குளியல், துணி, வீட்டு வேலைக்கு ஒரு 24 வைத்துக்கொள். மொத்தம் 140. வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம்தான். மிச்சம் 28. அந்த 28-க்குள்தான் உனக்கு உடம்பு சரியில்லாத நாள், உறவினர் விசேஷம், இன்டர்னல் டெஸ்ட், மனசுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாமே வர வேண்டும். இதில் எட்டு, அதிகபட்சம் பத்து மணி நேரத்தை வேலைக்குக் கொடுக்கலாம். நர்சிங் ஹோம் கேட்பது மூன்று நைட். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 36. எங்கிருந்து எடுப்பாய்? தூக்கத்திலிருந்துதான். நைட் முடித்துவிட்டு காலை ஏழரைக்கு சர்ஜிக்கல் வார்டில் போய் நிற்பாய், ட்ரெஸ்ஸிங் ட்ரே எடுக்கும்போதே கண் சொருகும்.

அட்டெண்டன்ஸை மறந்துவிடாதே. தேர்வு எழுத 80 சதவீதம் வேண்டும். ஆனால் கிளினிக்கலில் பட்டம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். அதாவது இன்றைக்கு அசதியில் ஒரு போஸ்டிங் போகாவிட்டால், மற்றவர்கள் லீவில் இருக்கும்போது விட்ட நாளுக்கு ஈடாக நீ மேக்கப் டியூட்டி பார்க்க வேண்டியிருக்கும். நீ சம்பாதித்த அந்த ஒரு நைட்டின் பணம் அப்படியே லீவு நாளில் திரும்பிப் போய்விடும்.

செமஸ்டர்களும் எல்லாம் ஒன்று போல இருக்காது. நீ இப்போது படிக்கும் மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் அடல்ட் ஹெல்த் நர்சிங் இரண்டு பாகமும் வருகிறது, கூடவே ஃபார்மகாலஜி, பேத்தாலஜி. மெடிக்கல், சர்ஜிக்கல், ஆர்த்தோ, ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் என்று போஸ்டிங் நிற்காமல் ஓடும். ஐந்தாவதில் குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம் மூன்றும் சேர்ந்து வரும். ஆறு, ஏழில் மிட்வைஃபரி. பிரசவம் நேரம் பார்த்து வராது, லேபர் வார்டில் கேஸ் எண்ணிக்கை முடிப்பதற்காக ராத்திரி காத்திருக்க வேண்டியிருக்கும். எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப். ஆகவே எந்த வேலையாக இருந்தாலும் செமஸ்டருக்கு செமஸ்டர் நேரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற வேலையாக இருக்க வேண்டும். "இரண்டு வாரம் வர முடியாது" என்று நீ சொன்னால் "சரிம்மா" என்று சொல்லக்கூடிய முதலாளி வேண்டும்.

டியூஷனில் அது முடியும். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியலும் கணக்கும், ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்றால் விலங்கியலும் தாவரவியலும் நீ கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அனாட்டமி, பிஸியாலஜி படித்துவிட்டு ப்ளஸ் டூ விலங்கியலைத் திறந்தால் எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று நீயே பார்ப்பாய். இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை. நம் மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் ஒரு பாடம். அந்தப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஊரில் ஆளே கிடைக்காது. பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று விசாரி. தலைக்கு 500 ரூபாய் என்று ஆறு பிள்ளைகள் சேர்ந்தால் நீ கேட்ட மூவாயிரம் வந்துவிட்டது. வாரம் ஐந்து நாள், மாலை ஆறரையிலிருந்து எட்டு. ஏழரை மணி நேரம்தான்.

இதில் பிள்ளைகள் சொதப்புகிற இடங்கள் இரண்டு. ஒன்று, பணத்தை மாதக் கடைசியில் வாங்குவது. முதல் வாரத்திலேயே வாங்கிவிடு, தெரிந்தவர்கள் வீடு என்று கூச்சப்படாதே. இன்னொன்று தேர்வு நேரம். பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் வாக்கில் வரும். உன் செமஸ்டர் தேர்வு அதோடு முட்டினால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வாய். அதனால் முதல் வருடம் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளாகப் பார்த்து எடு. உன் தேர்வுக்கு எப்போது இரண்டு வாரம் நிறுத்துவாய் என்பதைச் சேர்க்கும்போதே அவர்களின் அம்மாக்களிடம் சொல்லிவிடு. ஞாயிறு காலை சேர்த்து எடுத்து ஈடுகட்டலாம்.

டியூஷனுக்குப் பிள்ளைகள் சேராத ஊர் என்றால் வேறு என்ன? தையலும் ஆரி வேலையும் தெரிந்த பெண்கள் வீட்டில் உட்கார்ந்தே முகூர்த்த மாதங்களில் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், நேரமும் உன் கையில். தீபாவளிக்கு முன் ஜவுளிக் கடைகளில் ஆள் எடுப்பார்கள். நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டும், ஆனால் அந்த வாரங்களோடு முடிந்துவிடும். பையன்கள் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் போகிறார்கள். பந்தி பரிமாறிவிட்டு அன்றைக்கே பணம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி ஏறச் சொல்வார்கள் என்பதால் மறுநாள் போஸ்டிங் இல்லாத நாளாக மட்டும் பார்த்துப் போக வேண்டும். உணவு டெலிவரி எனக்குப் பிடிக்கவில்லை. பகல் முழுக்க வார்டில் நின்ற உடம்போடு இரவு பத்து மணிக்கு டூவீலரை முறுக்கினால் என்ன ஆகும் என்பதை கேஷுவாலிட்டி போஸ்டிங் பார்த்த பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றில் ரிசப்ஷன், அப்பாயின்ட்மென்ட் கவுன்டர் வேலை மாலை நேரத்தில் கிடைத்தால் அது நல்ல வேலை. நோயாளிகளிடம் பேசப் பழகுவாய். நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங் பற்றியும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் முழுநேர ஷிஃப்ட் வேலை, படிக்கும்போது ஒத்துவராது.

ஒரே ஒரு வேலையை மட்டும் கடுமையாக வேண்டாம் என்பேன். ஜூனியர்களுக்கும் சக மாணவிகளுக்கும் காசு வாங்கிக்கொண்டு ரெக்கார்டு எழுதித் தருவது, படம் வரைந்து தருவது. எல்லாக் கல்லூரியிலும் இது நடக்கிறது. கையெழுத்தை வைத்து மேடம் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், இன்டர்னல் மார்க் இரண்டு பேருக்கும் போகும். அதைவிட, பார்க்காத நோயாளிக்குக் கேர் ப்ளான் எழுதிப் பழகிய கை நாளைக்கு எடுக்காத பி.பி.யையும் சார்ட்டில் எழுதும். அந்தப் பழக்கம் உன் கைக்கு வரவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 20 ஆயிரம்" என்று போனில் வருவதை நம்பாதே. முதலில் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்பார்கள். அல்லது வேலையைக் கொடுத்துவிட்டு, தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டிப் பணம் பறிப்பார்கள். டெலிகிராமில் ரேட்டிங் போட்டால் காசு என்பதும் அதே கூட்டம்தான். உன் வங்கிக் கணக்கை "ஒரு மாதம் மட்டும்" கேட்பவனிடம் எக்காரணம் கொண்டும் கொடுக்காதே, நாளைக்கு போலீஸ் தேடி வருவது உன்னைத்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் அடி.

இதையெல்லாம் விட முதலில் செய்ய வேண்டியது, உனக்கு வர வேண்டிய பணம் வருகிறதா என்று பார்ப்பது. ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பட்டப்படிப்பு முடியும்வரை வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். முதலாம் ஆண்டில் விட்டுவிட்டேன் என்று சும்மா இருக்காதே, ஆபீஸில் போய்க் கேள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் புதுப்பித்து வைத்திரு. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்து, உன் வீட்டில் நீதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகையையும் விசாரி. ஃபீஸ் கட்ட அப்பா கந்துவட்டிக்கு வாங்குகிறார் என்றால் அதை உடனே நிறுத்திவிட்டு வங்கிக் கல்விக்கடன் பக்கம் போகச் சொல். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே அதைச் சொல்லிக் கேட்க வேண்டும், உன் கல்லூரி அதற்குள் வருகிறதா என்பதையும் மேனேஜரிடம் கேட்டுக்கொள்.

சில மருத்துவமனைகள் ஃபீஸ் கட்டுகிறோம், படித்து முடித்து எங்களிடம் வேலை பார் என்று பாண்டு போடும். அது தப்பில்லை, ஆனால் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அந்த வருடங்களில் சம்பளம் என்ன என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுத்துவிடாதே.

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வார்டனுக்குத் தெரியாமல் "மாமா வீட்டுக்குப் போகிறேன்" என்று அவுட்பாஸ் எழுதிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். வழியில் ஏதாவது ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பு மேடத்திடம் வீட்டு நிலைமையைச் சொல்லி அனுமதி கேளுங்கள். நிறையப் பேர் உதவத்தான் செய்வார்கள், சிலர் கல்லூரிக்குள்ளேயே லைப்ரரியிலோ ஆபீஸிலோ சின்ன வேலை பார்த்துக் கொடுப்பார்கள். கல்லூரி யூனிஃபார்மை எந்த வேலைக்கும் போட்டுக்கொண்டு போகக் கூடாது.

இனி நீ செய்ய வேண்டியது. இந்த மாதம் உதவித்தொகை விஷயத்தை முடி. தெருவில் நான்கு பிள்ளைகளோடு டியூஷனைத் தொடங்கு, ஆறுக்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். செமஸ்டர் லீவில் நேரம் இருந்தால் கூட்டிக்கொள். அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் நர்சிங் ஹோமுக்கு முடியாது என்று சொல்ல உனக்குச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. அப்பாவையே பேச விடு: "படிக்கிற பிள்ளை வெளியே டியூட்டி பார்த்தால் காலேஜில் பிரச்சினை ஆகிவிடும் சார். படித்து, கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் முடித்துவிட்டு வந்து உங்களைப் பார்க்கிறாள்." அவர் வற்புறுத்தினால், சாயங்காலம் பில்லிங் வேலை இருந்தால் சொல்லச் சொல்.